சாவி எதுக்கு

பதினாலாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. டிப்போவிலும் தெருவிலும் அவள் 'பதினாலு'தான். "பதினாலு வந்தாச்சா?" என்று கேட்டால் பஸ்ஸைக் கேட்கிறார்களா ஆளைக் கேட்கிறார்களா என்று யாரும் குழம்புவதில்லை. பதினோரு வருடமாக இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன.

அவள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள் அவள் பஸ்ஸில் போகிறேன். ஆகவே இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது, கால்வாசி மாடிப்படியில் நின்று கேட்டது. மிச்சக் கால்வாசிக்குச் சாட்சி கேட்காதீர்கள்.

அவள் வண்டி ஓட்டினால் நின்றுகொண்டு வருகிறவர் கையிலுள்ள டீயில் ஒரு சுருக்கம் விழாது. ஒருமுறை கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்தவர் தூங்கிப்போய், முப்பத்தொரு நிறுத்தத்தையும் தாண்டி, திரும்பவும் அதே முப்பத்தொன்றையும் தாண்டி, ஏறின இடத்திலேயே கண் விழித்து, "இன்னும் கிளம்பலையா?" என்று கோபித்துக்கொண்டார்.

ஆனால் டிப்போவில் அவளைப் பற்றி வாய் பிளந்து பேசுவது இதற்காக அல்ல. ரயிலடியிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை ஐம்பத்திரண்டு நிமிடம். அங்கே எட்டு நிமிட நிறுத்தம். அப்புறம் திரும்பி வர வேண்டும்; ரயிலடியில் ஆளை இறக்கி ஏற்றத்தான் நேரம். காலை ஆறு பத்துக்கு முதல் வண்டியை எடுத்தால், பகல் ஒன்று நாற்பதுக்கு ஒப்படைக்கும் வரை இப்படிப் போவதும் வருவதும்தான். அத்தனை நேரத்தில் ஒருமுறைகூட அவள் ஒண்ணுக்குப் போனதில்லை. பஸ்ஸின் டீசல் டாங்க் நிரம்பினால் வழியும், இவளுடையது வழியாது என்பது மெக்கானிக்குகளின் கணிப்பு.

"பதினாலு, உனக்கு உள்ள என்ன வெச்சுத் தெச்சிருக்காங்க?" என்று கேட்பார்கள்.

"உங்க மாதிரி ஓட்டை டப்பா இல்லண்ணே," என்பாள் இவள். அதில் ஒரு பெருமிதம் இருக்கும்.

பெருமிதத்துக்குப் பின்னால் ஒரு சாவி இருந்தது. தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் ஆண் ஓட்டுநர்களுக்குச் சுற்றுச்சுவரின் பின்பக்கம் போதும். இவள் வேலைக்குச் சேர்ந்த வருடம் பெண்களுக்கென்று ஓர் அறை கட்டி, கதவில் கொண்டை போட்ட ஒரு பெண்ணின் தலையையும் வரைந்து, பூட்டி, சாவியை டைம் கீப்பரிடம் கொடுத்தார்கள். தொலைந்துவிடக் கூடாதென்று அவர் அதில் ஒரு முழ நீள மரக்கட்டையைக் கட்டி, தன் தலைக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். இவள் சேர்ந்த மூன்றாம் நாள், ஜன்னலருகே போய் மெதுவாக, "சார், அந்த சாவி," என்றாள்.

டைம் கீப்பர் கெட்டவரில்லை. பஸ் சத்தத்திலேயே காலம் தள்ளியதால் அவருக்கு மெதுவாகப் பேச வராது, அவ்வளவுதான். "சாவியா? எதுக்கு?" என்றார். அது தண்ணீர்த் தொட்டியில் மோதித் திரும்பி வந்தது. டீக்கடையில் நின்ற ஏழு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல சார்," என்று சொல்லிவிட்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அதற்கப்புறம் காலையில் அரை தம்ளர் டீயோடு சரி. வேலை முடியும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் நாக்கில் படாது. அந்த அறைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே அவள் பார்த்ததில்லை.

இவளுக்கு ஒரு மகள். மூணே முக்கால் வயது. உடம்பு கம்பி, தலை மட்டும் உருண்டை. அதனால் அப்பா வைத்த செல்லப் பெயர் 'குண்டூசி'. அப்பாவுக்கு இரண்டு தெரு தள்ளி ஃபேனும் மிக்ஸியும் பழுது பார்க்கும் கடை. காலையில் அம்மா பஸ்ஸுக்குப் போனபின் அப்பா குளிப்பாட்டி, டயப்பர் மாட்டி, பக்கத்துக் காப்பகத்தில் விட்டுவிட்டுக் கடை திறப்பார். பகல் இரண்டு மணிக்கு அம்மா வந்து கூட்டிப்போவாள். டயப்பர் இருக்கும் வரை யாருக்கும் எந்த அவசரமும் இருக்கவில்லை.

அவசரம் காப்பகத்து அக்காவின் மகள் மூலம் வந்தது. அவளுக்குப் பிரசவம், அக்கா மாதக் கடைசியோடு காப்பகத்தை மூடிவிட்டு மகளிடம் போகிறாள். பதினாலு அரக்கப்பரக்கப் பாலர் பள்ளிக்கு ஓடினாள். தலைமை டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பொண்ணு சொல்லுமா?"

"நல்லா பேசுவா டீச்சர். பேச ஆரம்பிச்சா நிறுத்தறதுதான் கஷ்டம்."

"பேசறதைக் கேக்கலைம்மா. வந்தா வருதுன்னு சொல்லுமா?"

இன்னும் டயப்பர்தான் என்று பதினாலு ஒப்புக்கொண்டாள்.

"டயப்பரோட சேத்துக்கறதில்ல. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை கொண்டு வந்து விடுங்க, அரை நாள் வெச்சுப் பாக்கறேன். தானா சொல்லிப் போச்சுன்னா திங்கக்கிழமையிலருந்து வரலாம். இல்லன்னா அடுத்த சேர்க்கைதான். ஆறு மாசம் ஆகும்."

அந்த ஆறு மாதம் பிள்ளையை யார் பார்ப்பது? கடையில் வைத்துக்கொள்ளலாம் என்றார் புருஷன். போன முறை கடையில் வைத்துக்கொண்டபோது அவள் மிக்ஸி ஜாருக்குள் கையை விட்டுக்கொண்டு "இது எப்படிச் சுத்தும்?" என்று கேட்டதை இவள் நினைவுபடுத்தினாள். மிச்சம் ஒரே வழி, இவள் நீண்ட லீவு போடுவது. லீவில் போகிறவருடைய வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும். திரும்பி வந்தால் பட்டியலின் கடைசியில் நின்று, யார் எந்த வண்டியை விட்டாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். பதினாலாம் நம்பர் கையை விட்டுப் போனால் போனதுதான். மூன்று வாரத்தில் குண்டூசி 'சொல்ல' வேண்டும்.

சனிக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் கடைக்குப் போய், நடுவில் ஓட்டையும் கீழே வாளியும் உள்ள சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கி வந்தார்கள். கடைக்காரர் அதற்குச் சொன்ன 'பாட்டி' என்ற ஆங்கிலப் பெயர் என் போன்ற கிழவிகளைக் கூப்பிடுவது போலவே காதில் விழுவதால், நான் அதைக் குட்டி நாற்காலி என்று சொல்லிக்கொள்கிறேன்.

குண்டூசி அதைச் சுற்றி வந்து பார்த்தாள். உட்கார மாட்டேன் என்றாள். கெஞ்சியும் பார்த்தார்கள், பொம்மையை உட்கார வைத்தும் பார்த்தார்கள். "பொம்மைக்கு வருது, எனக்கு வரலை," என்றாள்.

இங்கேதான் அந்தக் குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாத ஒரு யோசனை தோன்றியது. அப்பா கடையிலிருந்து ஒரு பழைய மேஜை ஃபேனின் கம்பி வளையத்தைக் கொண்டு வந்து நாற்காலிக்கு முன்னால் ஸ்டியரிங்காகப் பொருத்தினார். மிக்ஸி திருகைக் கியராக வைத்தார். வாசல் மணி ஒன்றை எடுத்து ஹாரன் ஆக்கினார். அம்மா தன் பங்குக்கு டிப்போ தாளின் பின்பக்கத்தில் கால அட்டவணை எழுதி பாத்ரூம் கதவில் ஒட்டினாள்: ஏழு மணி அப்பா, பத்து மணி காப்பகம், இரண்டரை அம்மா, ஐந்து அம்மா. அவளுக்குத் தெரிந்து எதையும் நகரவைக்க அதுதான் வழி.

குண்டூசி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழவில்லை. ஹாரன் சத்தத்தில் என் வீட்டு ஜன்னல் கதவு இரண்டு முறை தானாகத் திறந்து மூடியது. ஒரு மணி இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, இறங்கி, படுக்கையறைத் திரைக்குப் பின்னால் போய் நின்றாள். திரை நனைந்தது.

"ஏன்டி, நாற்காலியில போக வேண்டியதுதானே?"

"பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தேன்ல."

"ஓட்டிக்கிட்டே போயேன்."

குண்டூசி அம்மாவை, விவரம் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "டிரைவர் போக மாட்டாங்க."

மறுநாள் டிப்போவில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் பதினாலு. "அம்மாவுக்குத் தப்பாம பொறந்திருக்கு," என்றார்கள் எல்லாரும். இவளுக்கு உச்சி குளிர்ந்தது.

இரண்டாம் வாரம் இன்னும் குளிர்ந்தது. டயப்பர் இல்லாமலே குண்டூசி காய்ந்த ஜட்டியோடு நடமாடினாள். காப்பகத்து அக்கா, "காலையிலருந்து ஒரு சொட்டு இல்ல. தங்கமான பிள்ளை," என்றாள். அப்பாவும் ஏழு மணிக்கு ஒன்றுமில்லை என்றார். அம்மா கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். "எவ்ளோ நேரம் அடக்கிட்டா என் கண்ணு." அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு மையால் ஒரு நட்சத்திரம். போனதற்கான நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் போகாததற்கான நட்சத்திரங்கள் என்பதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. மாடியில் இருந்த படித்த கிழவியும்தான் கவனிக்கவில்லை. நானே ஒரு நட்சத்திரம் போட்டேன்.

ஒரு நாளில் எப்போதாவது, தூக்கத்திலோ குளிக்கும்போதோ, தாங்க முடியாமல் கொஞ்சம் போய்விடும். ரெண்டுக்கு அதுவும் இல்லை. ஐந்தாம் நாள் குண்டூசி சாப்பிடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். தொட்டால் உடம்பு சுட்டது. பதினாலு வேலை முடிந்து வந்த சட்டையோடு தூக்கிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே கடையைப் பாதி சாத்திவிட்டு அப்பாவும்.

டாக்டரம்மா வயிற்றைத் தட்டிப் பார்த்தார். மேளம்தான்.

"அடக்கறா," என்றார். "ஒண்ணுக்கும் அடக்கறா, ரெண்டுக்கும் அடக்கறா. எத்தனை நாளா?"

"அடக்கறது நல்லதுன்னு நாங்கதான்..." என்று ஆரம்பித்த அப்பா, பெண்டாட்டி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"வீட்டுல வேற யாருக்காவது இந்தப் பழக்கம் இருக்கா?"

பெரியவர்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தரையைப் பார்த்தார்கள். குண்டூசி படுத்த இடத்திலிருந்தே, அந்த வலியிலும், கொஞ்சம் தலையைத் தூக்கிச் சொன்னாள்: "எங்கம்மா போகவே மாட்டாங்க. எங்கம்மா டிரைவர்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பதினாலைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "உங்களுக்கு எரிச்சல் வந்து மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?"

"ரெண்டு மூணு தடவை. சூடுன்னு நெனச்சேன்."

"சூடு இல்லம்மா." அதற்கு மேல் விளக்க அவருக்கு நேரமில்லை, வெளியே வரிசை நீளமாக இருந்தது. பிள்ளைக்கு மருந்தும், அம்மாவுக்கு ஒரு பரிசோதனையும் எழுதினார். "நிறைய தண்ணி குடுங்க. கொஞ்ச நாள் உட்காரு உட்காருன்னு சொல்லாதீங்க. பயந்தா இன்னும் அடக்கும்."

மருந்து வேலை செய்தது. வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து அழுதுகொண்டே குண்டூசி எல்லாவற்றையும் விட்டாள். அப்புறம் அப்பா தோளில் தூங்கிப்போனாள். பதினாலு பாத்ரூம் கதவில் ஒட்டிய அட்டவணையைக் கிழிக்கப் போனவள், கிழிக்காமல் நின்று அந்த நட்சத்திரங்களை எண்ணினாளாம். பதினெட்டு. பெற்ற பிள்ளையை நோகவைத்ததற்குப் பதினெட்டு முறை பாராட்டியிருக்கிறோம் என்று என்னிடம் சொன்னாள். நான் கதை விடுகிறவள்தான். அன்றைக்கு, அதில் ஒன்று நான் போட்டது என்று மட்டும் சொன்னேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். "குண்டூசி, டிரைவரும் உச்சா போவாங்க தெரியுமா?"

"நீ போக மாட்ட."

"போவேனே."

"எங்க?"

"அங்க... தண்ணித் தொட்டிகிட்ட ஒரு ரூம் இருக்கு."

"உள்ள என்ன கலரு?"

பதினாலுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றில்லை. ஆனால் அந்த அறையின் சுவர் பச்சையா நீலமா என்று அவள் மனசிலும் எதுவும் வரவில்லை. பிள்ளை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஜட்டி மறுபடி காய்ந்தே இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள்.

ஞாயிற்றுக்கிழமை காப்பகம் இல்லை. பதினாலு பிள்ளையைத் தன்னோடு முதல் வண்டியில் ஏற்றி, தனக்கு நேர் பின்சீட்டில் உட்கார வைத்தாள். கண்டக்டர் ஓய்வு பெறும் வயதுக்காரர், மீசையைத் தடவிக்கொண்டு, "யாரு, அடுத்த டிரைவரா?" என்றார். "ஆமா, ஆனா இன்னிக்கு பாசெஞ்சர்," என்றாள் குண்டூசி. அன்று காலை வழக்கத்துக்கு மாறாக அம்மா முழு தம்ளர் டீயும், அதற்கு மேல் ஒரு சொம்புத் தண்ணீரும் குடித்திருந்தாள். வேகத்தடை வரும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். அன்றுதான் முதன்முதலாக அந்த பஸ்ஸில் நின்றவர் கையிலிருந்த டீ அலம்பியதாகச் சொல்கிறார்கள்.

ஏழு இரண்டுக்குத் தண்ணீர்த் தொட்டி. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, டைம் கீப்பரின் ஜன்னலுக்குப் போனாள். டீக்கடையில் வழக்கம்போல ஆண்கள். பதினோரு வருடத்தில் அவர்களில் பாதிப்பேர் மாறியிருந்தார்கள். அவர்கள் நிற்கும் விதம் மாறவில்லை.

"சார், சாவி குடுங்க."

"சாவியா? எதுக்கும்மா?" தொட்டியில் மோதித் திரும்பி வந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின.

பதினாலின் வாயில் பழைய 'ஒண்ணுமில்ல சார்' பாதி வந்துவிட்டது. கீழேயிருந்து குண்டூசி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுக்குப் போக சார்," என்றாள் பதினாலு. கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. அதுவும் தொட்டியில் மோதித் திரும்பி வந்தது.

டைம் கீப்பர் எழுந்தார். எழுந்தவர் ஆணியைத் தடவினார். சாவி மாட்டிய இடத்தில் மூன்று வருடத்து நாட்காட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கின. எல்லாவற்றுக்கும் அடியில் கட்டை கிடைத்தது. பூட்டில் சாவி நுழைந்தது, திரும்பவில்லை. கண்டக்டர் பஸ்ஸிலிருந்து கிரீஸ் டப்பாவோடு ஓடி வந்தார். டீக்கடை ஆண்களில் ஒருவர் தம்ளரை வைத்துவிட்டு வந்து கதவுக்குத் தோள் கொடுத்தார். திறந்தால் உள்ளே துடைப்பக்கட்டைகள், உடைந்த நாற்காலிகள், எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே நிறுத்தப்பட்ட ஏதோ ஒரு பஸ்ஸின் பெயர்ப்பலகை. அத்தனையையும் ஆளுக்கொன்றாக வெளியே எடுத்துப் போட்டார்கள். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. குழாய் முதலில் இருமியது, பிறகு சிவப்பாகத் துப்பியது, பிறகு தண்ணீர் விட்டது.

பதினாலு உள்ளே போய்த் தாழ் போட்டாள். குண்டூசி தன் கை நீளமுள்ள அந்தக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே காவல் நின்றாள்.

"அம்மா, வருதா?"

வெளியே இருந்த ஆண்கள் எல்லாரும் தண்ணீர்த் தொட்டியை, அதை அன்றுதான் கட்டி முடித்தது போல, அண்ணாந்து பார்த்தார்கள்.

"வருதுடி."

"நிறையவா?"

"சும்மா இரேன்டி."

கொஞ்ச நேரம் கழித்து: "உள்ள என்ன கலரு?"

"மஞ்சள்," என்று பதினாலு சொன்னபோது குரல் ஒரு மாதிரி இருந்தது என்று கண்டக்டர் பிறகு சொன்னார். எதற்காக என்று அவருக்குத் தெரியவில்லை. பதினோரு வருடம் பத்தடி தூரத்தில் இருந்த சுவரின் நிறத்தை முதல்முறை பார்க்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று நானும் கொஞ்சம் யோசித்துத்தான் பார்த்தேன்.

ஏழு பத்துக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஏழு பதினாலுக்குக் கிளம்பத் தயாரானது. அவள் பெயரில் எழுதப்பட்ட முதல் தாமதம் அது. டைம் கீப்பர் நோட்டில், காரணம் என்ற இடத்தில், நல்லெண்ணத்தோடு 'இயந்திரக் கோளாறு' என்று எழுதினார். இவள் எட்டிப் பார்த்தாள்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல சார். வண்டி மேல பழி போடாதீங்க."

"அப்புறம் என்னன்னும்மா எழுதறது?"

"நடந்ததை எழுதுங்க."

அவர் அதை அடித்துவிட்டு, பேனாவைக் கடித்து, பக்கத்தில் 'ஓட்டுநர் கழிவறை சென்றார்' என்று எழுதினார். எழுதி முடித்ததும், அவ்வளவுதானா என்பது போல அவரே ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டார். பஸ்ஸில் ஒருவர் ஏன் தாமதம் என்று கேட்க, கண்டக்டர் தொண்டையைச் செருமினார். அதற்குள் பாசெஞ்சர் சீட்டிலிருந்து பதில் வந்துவிட்டது: "எங்கம்மா உச்சா போனாங்க. அதான்."

அந்தத் தடவை குண்டூசி போகவில்லை. அடுத்த தடவையும் இல்லை. மூன்றாம் தடவை தண்ணீர்த் தொட்டி வந்ததும் அம்மாவுக்கு முன்னால் இறங்கி ஓடி, ஜன்னல் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "சார், சாவி," என்றாள்.

டைம் கீப்பருக்குப் பழக்கம் விடவில்லை. "எதுக்கு?"

"ஒண்ணுக்குப் போக."

போனாள்.

வீட்டில் அதன்பிறகு அதுவே நடைமுறையாகிவிட்டது. அப்பா கடையிலிருந்து ஏதோ ஒரு பழைய சாவியைக் கட்டையில் கட்டி ஆணியில் மாட்டினார். குண்டூசி நாற்காலியில் உட்கார்ந்து பஸ் ஓட்டுவாள். வந்தால் ஹாரன் அடித்து வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி, அப்பாவிடம் போய்ச் சாவி கேட்பாள். அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு "எதுக்கு?" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் போக மாட்டாள். குட்டி நாற்காலியில் கடைசிவரை ஒரு சொட்டும் விழவில்லை; டிரைவர் சீட்டாயிற்றே. நேராகப் பெரியவர்கள் போகும் இடத்துக்கே போனாள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா பள்ளியில் விட்டார். அம்மா அப்போது பத்தொன்பதாவது நிறுத்தத்தைத் தாண்டிக்கொண்டிருந்தாள். பாதி வழியில்தான் அவளுக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடத்தில் சாவி கிடையாது. கழிவறைக் கதவு திறந்தேதான் இருக்கும். குண்டூசி போய்ச் சாவி கேட்பாள், என்ன சாவி, போய் உட்காரு என்பார்கள், இவளும் உட்கார்ந்துவிடுவாள். அடக்குவாள். அல்லது அடக்க முடியாமல் பெஞ்சிலேயே... அதற்குமேல் நினைக்காமல் கியரை மாற்றினாள். வண்டியை விட்டு இறங்கி ஓட முடியாது. வண்டியில் எண்பது பேர் இருக்கிறார்கள்.

பள்ளியில் நடந்ததைத் தலைமை டீச்சரே பிறகு சொன்னார். பதினோரு மணிக்குக் குண்டூசி பெஞ்சை விட்டு எழுந்து, காலைப் பின்னிக்கொண்டு, மேஜைக்கு வந்தாள்.

"டீச்சர், சாவி குடுங்க."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. முப்பது வருடத்தில் பிள்ளைகள் அவரிடம் மிட்டாய் கேட்டிருக்கிறார்கள், அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள், ஒரு பிள்ளை மூக்குக்கண்ணாடியைக்கூடக் கேட்டிருக்கிறது. சாவியை யாரும் கேட்டதில்லை. புரியாத எந்த மனுஷியும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார்.

"சாவியா? எதுக்கு?"

குண்டூசியின் முகம் மலர்ந்தது. "ஒண்ணுக்குப் போக."

டீச்சர் நல்லவேளையாக அதிகம் யோசிக்கிறவர் இல்லை. மேஜையிலிருந்த பீரோ சாவிக்கொத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். குண்டூசி அதைத் தூக்கிக்கொண்டு திறந்திருந்த கதவுக்குள் போய், வேலையை முடித்து, கை கழுவி, சாவியைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். "கட்டை எங்க? தொலைஞ்சிடும்," என்று எச்சரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

ஒன்று நாற்பதுக்கு வண்டியை ஒப்படைத்துவிட்டு ஓடி வந்த பதினாலிடம் டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "திங்கக்கிழமையிலருந்து அனுப்புங்க. அதுசரி, அது என்னம்மா சாவி?"

பதினாலு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பதினாலாம் நம்பரை இன்றும் அவள்தான் ஓட்டுகிறாள். தண்ணீர்த் தொட்டியில் சாவி இப்போது ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறது. வேறு தடங்களில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் யாரையும் கேட்காமல் எடுத்துப் போகிறார்கள். அந்தச் சாவிக்கு ஒரு காலத்தில் என்ன கனம் இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

பதினோரு வருடப் பழக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்விடாது. கூட்டமாக இருந்தால், வண்டி இரண்டு நிமிடம் பிந்தி வந்திருந்தால், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று சீட்டிலேயே இருந்துவிடுகிற நாட்கள் அவளுக்கு இன்னும் உண்டு. அதற்கொரு ஆய்வாளர் இருக்கிறார். தினமும் பகல் இரண்டு மணிக்குப் பள்ளி வாசலில், பையை அம்மா தோளுக்கு மாற்றுவதற்கு முன் விசாரணை நடக்கும். நேற்றும் நடந்தது, நான் அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தேன்.

"இன்னிக்குப் போனியா?"

"போனேன்."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

குண்டூசி அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சார் எதுக்குன்னு கேட்டாரா?"

"இப்பல்லாம் அவர் கேக்கறதில்லடி. நானே எடுத்துக்கறேன்."

குண்டூசிக்கு அது சரியாகப் படவில்லை. நாலடி நடந்து, நின்று, திரும்பினாள். "சரி, நாளைக்கு நான் காலையிலயே 'எதுக்கு'ன்னு கேட்டு வெச்சிடறேன்," என்றாள்.